இரண்டாம் பந்தி

சலவைக்கூடத்தில் சாப்பாடு இரண்டு பந்தி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளுகிற உருளை மிஷின் ஒன்று அங்கே உண்டு. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, கையைச் சுடுகிற சூட்டில் வெளியே வரும். அதை நிறுத்திவிட்டால் மறுபடி சூடேறுவதற்குள் வேலை குட்டிச்சுவராகிவிடும். அதனால் பாதிப் பேர் சாப்பிடப் போகும்போது மீதிப் பேர் மிஷினில் நிற்பார்கள். அவர்கள் வந்த பிறகு இவர்கள் போவார்கள். வருஷக்கணக்காக இப்படியே நடந்ததில், ஒரு பந்திக்காரர்கள் சாப்பிடுவதை மற்றப் பந்திக்காரர்கள் பார்த்ததே கிடையாது.

பார்க்காவிட்டாலும் மரியாதை இருந்தது. ஓய்வறை என்று பேர்தான் பெரிது. பாய்லருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு நீள அறை அது. ஒரு மேஜை, கால் ஆடுகிற நாற்காலிகள், கை கழுவுகிற தொட்டி, ஒரு கெட்டில், எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். முதல் பந்தி எழுந்து போகும்போது மேஜையைத் துடைத்து, கப்புகளைக் கழுவிக் கவிழ்த்து, கெட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போகும். இரண்டாம் பந்தி குப்பையைக் கட்டி வெளியே கொண்டுபோய் வைக்கும். இதையெல்லாம் யாரும் சட்டமாகப் போடவில்லை. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இருந்தார்கள். அவர்களும் தண்ணீர் நிரப்பித்தான் வைத்தார்கள்.

இந்த இரண்டு பந்தியிலும் சேராத ஆள் வேன் டிரைவர். துணி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கி, தேய்த்த கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். டிரைவர் பந்திக்கு முந்தவும் செய்வார், பிந்தவும் செய்வார். முதல் பந்தியில் யார் டப்பாவிலாவது ஒரு அவித்த முட்டை, இரண்டாம் பந்தியில் யார் டப்பாவிலாவது ஒரு மீன் துண்டு. அவர் கையில் டப்பா இருந்து ஒருவரும் கண்டதில்லை. அதனால் அவருக்கு விருந்தாளி என்று பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே முதலில் சிரிப்பார். ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறவர்கள் மூட்டையைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதை அப்படியே நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வலி நின்று பார்த்தால் முட்டை இருக்காது.

மாமியாரும் சிரித்தவள்தான். மிஷினில் விரிப்பைக் கொடுக்கிற பக்கம் அவளுடைய இடம். ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து உதறி, சுருக்கமில்லாமல் உருளைக்குள் விடுவாள். அந்தப் பக்கம் நின்று சூட்டோடு பிடித்து மடிக்கிறவள் அவள் மருமகள். மருமகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சலவைக்கூடத்துக்கே அவள் மாமியாரம்மா ஆகிவிட்டாள். ஒரே துணியை மாமியார் ஒரு முனையிலும் மருமகள் ஒரு முனையிலும் பிடித்தால் மற்ற வீடுகளில் அதற்குப் பேர் சண்டை, இங்கே அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பாய்லர்காரர் சொல்லுவார். சண்டை வரும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்து அலுத்துப் போனார்கள். மருமகள் பேசினால்தானே சண்டை வர. அவள் நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த மடிப்பாள். அதே மாதிரி வார்த்தையையும் எண்ணித்தான் விடுவாள்.

பிள்ளை பிறந்த பிறகு மருமகள் மறுபடி வேலைக்கு வந்தது ஆசையினால் இல்லை, வாடகையினால். மகனுக்குப் பேக்கரியில் இரவு வேலை. விடியும்போது மாவும் தூக்கமுமாக வீட்டுக்கு வருவான். பகலெல்லாம் பிள்ளையை அவன்தான் பார்த்துக்கொண்டான். பிள்ளை தூங்கும்போது அவனும் தூங்கினான், பிள்ளை தூங்காதபோது அவன் நின்றுகொண்டே தூங்கினான். எல்லாம் சமாளித்துவிடலாம். ஒன்றுதான் சமாளிக்க முடியாமல் இருந்தது. பவுடர் பாலைக் கொடுத்தால் பிள்ளை குடித்த வேகத்தில் கக்கியது. உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் இப்போதைக்கு வாயில் வைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் மருமகள் இரண்டாம் பந்தி நேரத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கும் பாதியைப் பாலுக்கும் பிரித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி உடுப்புகளை அடுக்கி வைக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. தள்ளுவண்டி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பம்பால் பால் எடுப்பாள். அதை ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, வேலை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போவாள். மறுநாள் பகலுக்குப் பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு. பாட்டிலின்மேல் கொட்டை எழுத்தில் 'குழந்தைக்கு' என்று எழுதியிருந்தாள். சலவைத் துணியில் குறி போடுகிற மையால் எழுதியது. எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. ஆஸ்பத்திரி மூட்டைகள் நனைந்து இரட்டைப் பாரமாக வந்திருந்தன. வேலை முடிந்து வந்து மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒவ்வொரு டப்பாவாக நகர்த்திப் பார்த்தாள். ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்த மாமியார் என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். மருமகள் தொட்டிப் பக்கம் பார்த்தாள். அங்கே கப்புகளுக்கு நடுவில் அந்தப் பாட்டில் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. 'குழந்தைக்கு' தலைகீழாக நின்றது.

மாமியாருக்கு யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் டிரைவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜில் பாட்டிலில் இருந்த பால் எங்கே என்று கேட்டாள்.

"அதுவாக்கா? டீக்குப் பால் தீந்துபோச்சு. அதுல கொஞ்சம் இருந்துச்சு, ஊத்திக்கிட்டேன். பாட்டிலக் கழுவி வச்சிருக்கேனே, பாக்கலையா? நான் அப்படியே போட்டுட்டுப் போற ஆள் இல்ல."

"அது என் மருமகளோடது."

"சரி, நாளைக்கு ஒரு பாக்கெட் வாங்கி வச்சிடறேன்னு சொல்லுங்க."

"அது பாக்கெட்ல வராது. எம்பேரனுக்கு அவ எடுத்து வச்ச பால். தாய்ப்பால்."

டிரைவர் முதலில் சிரித்தார். தமாஷ் செய்வது அவர் வேலை, அதை அவரிடமே ஒருத்தி செய்கிறாளே என்று சிரித்தார். அப்புறம் மாமியாரின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கட்டை அப்படியே ஈரத்தில் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார், மறுபடியும் கொப்பளித்தார், விரலை விட்டு ஓங்கரித்தார். எத்தனையோ வீட்டுச் சோற்றை ருசித்த வாய் அது. என் பேரனுடைய பால் என்றதும் அதற்கு அருவருப்பு வந்துவிட்டது. மாமியாருக்கு அந்த ஓங்கரிப்புச் சத்தம்தான் பாலைத் திருடியதைவிடப் பொறுக்கவில்லை.

இந்த மாதிரிச் செய்திக்குக் கால் வேண்டியதில்லை. மறுநாள் காலைக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மாமியாரம்மாவுக்குப் பேரன் ஒன்று இல்லை, இரண்டு என்றார் பாய்லர்காரர். விருந்தாளி என்ற பேர் போய்ப் பெரிய பேரன் என்ற பேர் வந்தது. டிரைவர் வேனைப் பின்னால் எடுக்கும்போது, பார்த்துப்பா, பிள்ளை விழுந்துவிடப் போகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஊரையெல்லாம் சிரிக்க வைத்த மனுஷன், தன்னைப் பார்த்துச் சிரித்ததும் முகம் கறுத்துப் போனார்.

மருமகளைப் பார்த்தும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு இல்லை. ஆனாலும் அவள் மடிக்கிற மேஜையைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் வீட்டில் பிள்ளை பசியில் அலறிக்கொண்டிருந்தது. இருந்த கொஞ்சம் பால் காலையிலேயே தீர்ந்துவிட்டது. மகன் வெந்நீரைக் கொடுத்துப் பார்த்தான். தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். அடுத்த வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தான். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனபோது பிள்ளையின் கழுத்தெல்லாம் தடித்திருந்தது. மகனுடைய சட்டை முழுக்கக் கக்கிய பால். மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டமாய் ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பிள்ளை குடித்த வேகத்தைப் பார்க்க மாமியாருக்கு வயிறு எரிந்தது.

ஒரு கிளாஸ் டீ. அதற்காகத்தான் இவ்வளவும்.

அதற்கடுத்த நாள் மேனேஜர் மாமியாரையும் மருமகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். டிரைவரைக் கண்டிக்கத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு மாமியார் போனாள். தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டு போனாள். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. டிரைவர் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வயிறு சரியில்லை என்று அவர் டாக்டரிடம் போயிருக்கிறாராம். மனசும் சரியில்லையாம். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசி அவமானப்படுத்துகிறார்களாம். பொது ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் இப்படிப்பட்டதை வைத்தால் யார்தான் ஏமாறமாட்டார்கள் என்று கேட்டாராம்.

மாமியாருக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது. புகார் யார்மேல் என்று கேட்டாள். மேனேஜர் மருமகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் மேனர்ஸ் வேணும்மா. நாலு பேர் சாப்பிடற இடம். உடம்புல இருந்து வர்றதையெல்லாம் கொண்டுவந்து சாப்பாட்டோட வச்சா எப்படி? சுத்தம்னு ஒண்ணு இல்லையா?"

"உடம்புல இருந்து வர்றதா?" என்றாள் மாமியார். "நாங்க தினமும் ஆஸ்பத்திரி விரிப்புல இருந்து கசக்கி எடுக்கறோமே சார், ரத்தமும் சீழும். அது எங்கேர்ந்து வருது? அதத் தொட்ட கையோடதான் இத்தன வருஷமா அந்த ரூம்ல எல்லாரும் சாப்பிடறோம். அப்ப வராத சுத்தம், ஒரு பச்சப்புள்ள பாலுக்கு வந்துடுச்சா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். நான் சண்டைக்குக் கூப்பிடவில்லை, எனக்குமே இரண்டு நாளாக வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். மாமியாருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு மழையில் டிரைவர் இவருக்கும் ஒரு கப் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாகக் கலந்துகொடுத்திருக்கிறார். டிரைவர் தனி ஆளாகக் குடித்திருந்தால் மேனேஜரும் சிரித்திருப்பார். தானும் குடித்ததால்தான் இது ஒழுக்கக் கேடாகிவிட்டது.

முடிவு சுருக்கமாக இருந்தது. நாளைக்கு எல்லார் முன்னாலும் மருமகள் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேலி அதோடு அடங்கும். இனிமேல் அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வரக்கூடாது. முடியாது என்றால், பிள்ளை சோறு தின்கிற வரைக்கும் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கட்டும். அப்புறம் இடம் இருந்தால் பார்க்கலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, மாமியார் எரிந்தாள். பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் மகன் நாலு தரம் திரும்பிப் பார்த்தான். இரவு வேலைக்குக் கிளம்புகிற அவசரம் அவனுக்கு. தூக்கமில்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய விஷயமாக்க வேண்டாம் என்றான். சம்பளம் போனால் இந்த வீட்டில் இருக்க முடியாது. எல்லாருக்கும் தெரிந்து இப்படிப் பேச்சாகிவிட்டதே என்று அவனுக்கு வெட்கம் வேறு. பேக்கரிவரைக்கும் வந்துவிட்டதாம்.

"சொல்லிட்டு வந்துடட்டும்மா. ஒரு வார்த்ததானே."

"ஒரு வார்த்ததானேன்னா அவன் சொல்லட்டுமே. அவனுக்கு வாயில்லையா? எல்லாத்தையும் தின்ன வாய் இருக்குல்ல?"

"அவருக்குத் தெரியாதும்மா, அது என்னன்னு."

"தெரியாம எடுத்தா திருட்டு இல்லையா? உன் சட்டப் பையில கைய விட்டு எவ்வளவு இருக்குன்னு தெரியாம எடுத்தா, அது தானமா?"

மகன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க அல்லாடியது அவன்தான். மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். மருமகள் பிள்ளையின் கழுத்தில் தடித்திருந்த இடங்களில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுடறேன் அத்தை," என்றாள்.

மாமியாருக்கு அவள்மேலும் கோபம் வந்தது. இவ்வளவுதானா உனக்கு ரோஷம் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. தன் டப்பாவிலிருந்து முட்டை போனபோதெல்லாம் தின்றுவிட்டுப் போகட்டும் என்று சிரித்தவள் தானே என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. எல்லாரும் அப்படித்தான் சிரித்தார்கள். முட்டைக்குச் சிரித்தோம், மீனுக்குச் சிரித்தோம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்காக ஒரு பெரிய மனுஷனுக்கு அதையும் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு மறுபடியும் கோபமே வந்தது.

மறுநாள் அந்தக் கூடத்தில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. மேனேஜர் உருளை மிஷினை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் கேட்க வேண்டும் என்றால் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டுமே. உருளைகள் சுற்றுவது நின்றதும் கூடத்தில் வந்த அமைதி காதை அடைத்தது. இரண்டு பந்திக்காரர்களும் ஒரே நேரத்தில் ஓய்வறைக்குள் நுழைந்தார்கள். நாற்காலி போதவில்லை. முதல் பந்தி உட்கார்ந்தது, இரண்டாம் பந்தி சுவரோரம் நின்றது. ஒருவர் உட்கார்கிற நாற்காலி இன்னொருத்திக்கும் வாடிக்கையானது என்று அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாய்லர்காரர் பாதி டீயோடு மூலையில் நின்றார்.

டிரைவர் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெண்வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்திருந்தார். மேனேஜர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மருமகள் உடுப்பு அறையிலிருந்து கடைசியாக வந்தாள். கையில் பாட்டில் இருந்தது. அப்போதுதான் எடுத்த பால், கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை, தூக்கிக் காட்டவும் இல்லை. பிடித்தபடியே மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அது என்னன்னு தெரியாம குடிச்சுட்டீங்க. உங்களுக்கு மனசு கஷ்டமாப் போச்சுன்னு சொன்னாங்க. மன்னிச்சுக்குங்க."

மாமியார் உட்கார்ந்த இடத்தில் பல்லைக் கடித்தாள்.

டிரைவர் பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார். "பரவால்லம்மா. சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாம செஞ்சுட்ட. இனிமே பாத்து நடந்துக்க."

அவ்வளவுதானே, வேலையைப் பார்க்கப் போகலாம் என்று மேனேஜர் திரும்பினார். இரண்டு பேர் எழுந்துகூட விட்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்ணே," என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "என்னோடதுன்னு தெரியாதுன்னு சொன்னீங்க. சரி. யாரோடதுன்னு நினைச்சு எடுத்தீங்க?"

டிரைவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தார். "இது என்னம்மா கேள்வி? ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, எடுத்தேன். டீக்குப் பால் இல்ல. என்னமோ எனக்கு மட்டும் போட்டுக்கிட்ட மாதிரி கேக்கற. சாருக்கும் சேத்துதானே போட்டேன்."

எல்லாத் தலையும் வாசற்படிப் பக்கம் திரும்பியது. மேனேஜர் சுவரில் இருந்த ஈரக் கசிவை ஆராய ஆரம்பித்தார். வேறொரு நாளாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குச் சிரித்திருப்பார்கள். யாரோ ஒருத்தி தொண்டையைச் செருமினாள், அவ்வளவுதான்.

"அதக் கேக்கலண்ணே. பாட்டில் மேல எழுதியிருந்துச்சே. படிச்சீங்களா?"

"படிச்சேன்மா. எனக்கென்ன கண்ணு தெரியாதா? குழந்தைக்குன்னு போட்டிருந்துச்சு." டிரைவருக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஏதோ ஒரு குழந்தைக்கு வாங்கி வச்ச பசும்பால்னுதாம்மா நினைச்சேன். உன்னோட பால்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா? நான் அப்படிப்பட்டவனா? நீங்களே சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை.

டிரைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் சொன்னதில் என்ன தவறு என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பது மாமியாருக்கு நன்றாகவே தெரிந்தது. குழந்தைக்கு என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் எடுத்தேன் என்று நாலு பேர் முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்கிற மனுஷனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். வெட்கம் வரவேண்டிய இடத்தில் இந்த ஆளுக்கு வெறும் குமட்டல்தான் வந்திருக்கிறது. பாய்லர்காரர் மிச்ச டீயைத் தொட்டியில் கொட்டினார். அந்தச் சின்னச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, என்னக்கா நீங்களும்," என்று டிரைவர் மாமியாரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"எத்தன வருஷமா சிரிச்சாச்சுப்பா," என்றாள் மாமியார். "போதும்."

மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரி சரி, மிஷின் ஆறிவிடும், கிளம்புங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நின்றவர்கள் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கட்டுகள் போயாக வேண்டும் என்பதும், மிஷின் ஓடாவிட்டால் போகாது என்பதும் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் மாமியாரைப் பார்த்தார். வழக்கமாக முதலில் எழுந்து போகிறவள் அவள்தான்.

"ஆறட்டும் சார்," என்றாள் மாமியார்.

கடைசியில் எழுந்தது டிரைவர். வேனிலிருந்து மூட்டை இறக்கவேண்டியிருக்கிறது என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வழி விட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து கடைசிவரைக்கும் வரவில்லை. கேட்க வேண்டியவன் வெளியே போகிறான், கேட்கக் கூடாதவள் கேட்டுவிட்டு நிற்கிறாள் என்று மாமியாருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அவரைப் பிடித்து நிறுத்தலாமா என்று எழுந்தாள்.

அதற்குள் மருமகள் ஃப்ரிட்ஜ் பக்கம் போய்விட்டாள். கதவைத் திறந்தாள். இடமில்லை. மூலையில் நின்றிருந்த பாய்லர்காரர் வந்து தன் டப்பாவை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல் பந்திக்காரி ஒருத்தி கையை நீட்டித் தன்னுடையதையும் எடுத்தாள். நடுத்தட்டில் இடம் வந்தது. மருமகள் பாட்டிலை அங்கே வைத்து, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி திருப்பினாள். மேனேஜர் வாயைத் திறந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மருமகள் கதவைச் சாத்தினாள். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏப்ரன் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாமியாரிடம் வந்தாள்.

"வாங்க அத்தை," என்றாள். "ஆஸ்பத்திரி துணி நிறையக் கிடக்கு."